சட்டைப் பொத்தானிடம் சொன்ன ‘வேண்டாம்’

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. நீ பாதியில் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் எதைப் படிக்காமல் விட்டோம் என்று தெரியட்டும் என முதலிலேயே பட்டியல் போட்டுவிடுகிறேன்.

1. நாங்கள் இருவரும் நலம்.
2. நான் ஒரு படத்தில் நடித்திருக்கிறேன்.
3. அந்தப் படத்தில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு.
4. ஏப்ரல் ஐந்தாம் தேதிக்குள் நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அல்லது போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.
5. ஜூலையில் உன் வீட்டில் நடந்த கூட்டம்.

எட்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. “அவனுக்கு எழுதத்தானே வரும், எழுதட்டும்” என்று உன் மகளிடம் சொன்னாயாம். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொண்டிருந்தால் மன்னித்துக்கொள்.

முதலாவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. என் மனைவியும் சௌக்கியம். காலையில் பூங்காவை நான்கு சுற்று சுற்றுகிறேன். ஐந்தாவது சுற்றை யோசித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

இரண்டாவது. ஜனவரியில் ஒரு பெண் போன் செய்தார். ஆவணப்படம் எடுப்பவர். “சார், நாட்டுல ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தா அதிகாரிகள் என்ன செய்வாங்க? அதைத்தான் படமா எடுக்கிறோம். நடிகர்கள் வேண்டாம். நிஜமா அந்த நாற்காலிகள்ல உக்காந்தவங்கதான் வேணும்” என்றார். “நானும் உட்கார்ந்தேன் அம்மா, ஆனால் சுவர் ஓரமாக” என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அமைச்சரவைக் கூட்டங்களில் இருபத்தாறு வருடம் குறிப்பெடுத்தேன். மேஜை மற்றவர்களுக்கு. எனக்குச் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி, மடியில் ஒரு குறிப்பேடு. இது உனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

மூடிக்கிடந்த ஒரு கல்லூரி நூலகத்தில் படப்பிடிப்பு வைத்தார்கள். முட்டை வடிவ மேஜை, அதைச் சுற்றி எட்டுப் பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது. தேர்தலில் தோற்ற கட்சி முடிவை ஏற்க மறுக்கிறது, படையில் ஒரு பகுதி அவர்களோடு சேர்ந்துவிட்டது. இவ்வளவுதான் கதை. பக்கத்து அறையிலிருந்து படக்குழு ஒவ்வொரு துண்டுச் சீட்டாக அனுப்பும். ‘வானொலி நிலையம் பிடிபட்டது’, ‘விமான நிலையம் மூடப்பட்டது’ என்று அதில் இருக்கும். அதற்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதான் படம்.

குடியரசுத் தலைவர் வேடத்தில் இருந்தவர் என் பழைய தலைமைச் செயலாளர். நீ வேலை பார்த்த தொலைபேசி நிலையத்துக்கே போன் செய்து “லைன் ஏன் இப்படிக் கரகரங்குது?” என்று கத்துவாரே, அந்தப் பெரியவர்தான். பிறகு ஒரு ஜெனரல், ஒரு காவல்துறைத் தலைவர், ஒரு நீதிபதி, வானொலி இயக்குநர், நிதி, தகவல் தொடர்பு என்று ஒவ்வொருவர். என் முன்னால் ‘அமைச்சரவைச் செயலாளர்’ என்று அட்டை வைத்திருந்தார்கள். நாற்காலி மேஜையோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. நான் அதை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கேமரா பார்த்திருக்கிறது.

“மேஜையில இருக்கிற எட்டுப் பேருக்கும் கருத்துச் சொல்ற உரிமை இருக்கு. உங்களுக்கும்தான் சார்” என்று காலையிலேயே அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னார். தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை, அக்கா.

மூன்றாவது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். சதுக்கத்தில் பல்லாயிரம் பேர், எதிர்ப் படை இரண்டு பக்கம் மறித்து நிற்கிறது என்று சீட்டு வந்தது. நம்மோடு மிச்சமிருக்கும் படையை உள்ளே அனுப்புவதா வேண்டாமா?

“அனுப்புங்க. அரை மணி நேரத்துல சதுக்கம் காலி” என்றார் ஜெனரல்.

“ஆளுங்க காலியா, சதுக்கம் காலியா?” என்றார் வானொலி இயக்குநர். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவர் மேஜையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்றார்.

நான் எழுதினேன்: ‘படையை அனுப்புவதென முடிவாயிற்று. அனைவரும் ஒப்புக்கொண்டனர்.’

பத்து நிமிடத்தில் அடுத்த சீட்டு வந்தது. அனுப்பிய படையில் பாதி, கூட்டத்தைச் சுட மறுத்து எதிர்ப்பக்கம் போய்விட்டது. நாலே கால் மணிக்கு எங்கள் அரசாங்கம் இல்லை. விளையாட்டுத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஜெனரல் அடுத்தடுத்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

நான்காவது. எங்கள் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு சின்ன மைக் குத்தியிருந்தார்கள், இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில். போன வாரம் அந்தப் பெண் போன் செய்தார். பெரியவர் “சம்மதம்தானே?” என்று கேட்ட பிறகு, என் மைக்கில் மட்டும் ஒரு குரல் பதிவாகியிருக்கிறதாம். “வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.” மூன்று முறை. அறையில் யாருக்கும் கேட்கவில்லை. என் வலது பக்கம் உட்கார்ந்திருந்த நீதிபதிக்கே கேட்கவில்லை. அந்தக் குரல் ஓடும்போதே, என் கை ‘அனைவரும் ஒப்புக்கொண்டனர்’ என்று எழுதுவது படத்தில் தெளிவாகத் தெரிகிறதாம்.

“இதுதான் சார் படமே. ஆனா உங்க கையெழுத்து இல்லாம இதை வைக்க மாட்டேன்” என்று ஓர் ஒப்புதல் படிவம் அனுப்பியிருக்கிறார். வைத்தால், மேஜையில் இருந்தவர்களில் ஒருவனாவது வேண்டாம் என்றான் என்று ஊருக்குத் தெரியும். அதைப் பொத்தானிடம் சொல்லிவிட்டு வேறு எழுதினான் என்பதும் தெரியும். என்ன செய்யட்டும்?

ஐந்தாவதை இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை. தாள் இருக்கிறது. தைரியம்தான் இல்லை.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 11

டேய் குமாஸ்தா,

கிழிக்கல. இரண்டு தடவை படிச்சேன். பக்கத்து அறை டீச்சருக்கும் படிச்சுக் காட்டினேன். “உங்க தம்பி அரசாங்கத்தையே கவுத்துட்டாரே, பார்க்க அப்படித் தெரியலையே” என்றாள். போட்டோ காட்டியிருந்தேன்.

நான் நல்லா இருக்கேன். நீ கேக்கல, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இங்கே மாடிக்கு லிஃப்ட் இருக்கு. மூணு வேளையும் யாரோ சமைக்கிறாங்க, நான் குறை சொல்றேன், அவங்க பதில் சொல்றாங்க, பொழுது போகுது. செவ்வாய், வெள்ளி சீட்டாட்டம். போன வாரம் வங்கி மேலாளரா இருந்தவரை அழ வைக்காத குறையா ஜெயிச்சேன். காதுல மாட்டுற கருவி ஒண்ணு கொடுத்திருக்காங்க. மாட்டினா மத்தவங்க தட்டுல ஸ்பூன் படுற சத்தம்தான் கேக்குது, அதனால சாப்பிடும்போது கழட்டி வச்சுடுவேன்.

உன் படத்தைப் பத்தி அப்புறம். முதல்ல அஞ்சாவது.

எனக்கு ஒரு தபால் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஜூலை பத்தொன்பது. நான் அந்த வீட்டுல இருக்கும்போதே, அந்த வீட்டு விலாசத்துக்கே. என்ன பெரிய வழக்குன்னு கண்ணாடியைத் தேடிப் போட்டுட்டுப் பிரிச்சேன். ‘கூட்டக் குறிப்பு. இடம்: அக்காவின் வீடு, மூன்றாம் மாடி. வருகை: நால்வர். தீர்மானம் ஒன்று: அக்கா இம்மாத இறுதியில் முதியோர் குடியிருப்புக்கு மாறுவார். தீர்மானம் இரண்டு: பீரோ மகள் வீட்டுக்குச் செல்லும். தீர்மானம் மூன்று: செடித் தொட்டிகள் பற்றிப் பின்னர் முடிவெடுக்கப்படும். அனைவரும் ஒப்புக்கொண்டனர்.’ கீழே உன் கையெழுத்து. முத்து முத்தா.

அனைவரும்! என் மகள், என் மருமகன், என் மகன், நீ. நான் எங்கே இருந்தேன் தெரியுமா? சுவருக்கு அந்தப் பக்கம், உங்க நாலு பேருக்கும் டீ போட்டுக்கிட்டு இருந்தேன். உனக்குச் சர்க்கரை கம்மியா.

பிள்ளைங்க செஞ்சதை விடு. அதுங்களுக்கு அவசரம். அம்மா படியில விழுந்துடுவாளோன்னு பயம். நீ என்னடா? நான் தூக்கி வளர்த்த பிள்ளைதானே? எனக்கு நகல் அனுப்புறியா? ‘தகவலுக்காக’ன்னு மூலையில வேற எழுதி!

அஞ்சாவதை எழுது. படிவத்தைப் பத்தி அதுக்கப்புறம் பேசுறேன்.

அக்கா

*

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை பட்டியல் இல்லை. ஒரே விஷயம்தான். நேராகச் சொல்கிறேன்.

அன்று உன் மகள், “அம்மாவால இனிமே அறுபத்திரண்டு படி ஏற முடியாது, மாமா. அங்க ஒரு அறை காலியா இருக்கு. எல்லாருக்கும் சரிதானே?” என்று கேட்டாள். மருமகன் சரி என்றார். உன் மகன் போனைப் பார்த்துக்கொண்டே சரி என்றான். நான் வேண்டாம் என்றேன்.

சொன்னேன் அக்கா, சத்தியமாக. கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதற்குள்ளே சொன்னேன் போலிருக்கிறது. யாரும் திரும்பவில்லை. பிறகு “மாமா, யார் என்ன செய்யணும்னு எழுதிக் கொடுத்துடுங்க, மறந்துடுவோம்” என்றாள். எழுதக் கேட்டால் எனக்குக் கை தானாகப் போகும். எழுதினால் நகல் அனுப்ப வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நகல் போக வேண்டும் என்பது விதி. உன்னைவிடச் சம்பந்தப்பட்டவர் யார் என்று யோசித்து, உன் பெயரையும் சேர்த்தேன். அதுதான் நியாயம் என்று அப்போது தோன்றியது. இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

‘அனைவரும்’ என்று எழுதும்போது நான் என்னைச் சேர்ப்பதே கிடையாது. குறிப்பெடுக்கிறவன் கூட்டத்தில் இல்லை. என் முதல் மேலதிகாரி முதல் நாளே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்: “உன் தலை தெரியக்கூடாது, பேனாதான் தெரியணும்.” முப்பத்தெட்டு வருடம் அது சரியாக இருந்தது. பேனா மட்டும் தெரிந்தது. நல்ல பெயர் வாங்கினேன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை.

ஆக, என் பக்கம் இதுதான்: என் கருத்து சரியாகத்தான் இருந்தது. நான் உன் பக்கம்தான் இருந்தேன். குரல் மட்டும்தான் தவறு. இதை நீ நம்பினால் எனக்குப் போதும்.

படம் விஷயம். போன சனிக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்கே மடிக்கணினியோடு வந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். நான் என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு முறை பின்னாலிருந்து காட்டுகிறார்கள். அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“கேக்குதா சார்?”

“இல்லை அம்மா.”

“இப்ப சத்தத்தைக் கூட்டிப் போடுறேன்.” போட்டார். என் குரல் அறையே அதிரும்படி வந்தது. யாரோ வீரன் பேசுவதுபோல் இருந்தது. “இப்படி வச்சா ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுவாங்க சார்” என்றார்.

உள்ளேயிருந்து இவள், “வீட்டுலயே உங்க குரல் கேக்காது. டிவியில கேக்குதுன்னா அது டப்பிங்தான்னு சொல்லிடுவேன்” என்றாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கையெழுத்து வரவில்லை.

பெரியவர் என்ன நினைப்பார்? அந்த அறையில் அவர் கேட்டபோது வாயைத் திறக்காமல், இப்போது ஊருக்கு முன்னால் நான் மட்டும் நல்லவன் ஆகிறேன். அது முறையா? போடாமல் விட்டாலோ, படத்தில் எட்டுப் பேரும் ஒருமனதாகப் படையை அனுப்பினோம் என்று இருக்கும். அதுவும் உண்மையில்லை. இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. படிவம் அகராதிக்கு அடியில் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 24

தம்பி,

முப்பத்தொரு வருஷம் தொலைபேசி நிலையத்துல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். மழையில, புயல்ல, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வர்ற லைன்ல, ஜனங்க முணுமுணுக்கிறதை எல்லாம் கேட்டிருக்கேன். கேக்காத போது நாங்க சொல்ல வேண்டிய வாக்கியம் ஒண்ணுதான்: “கேக்கல, திரும்பச் சொல்லுங்க.” திரும்பச் சொல்றவனுக்கு லைன் கிடைக்கும். முணுமுணுத்துட்டு வச்சுடுறவனுக்கு எதுவும் இல்லை. நீ ரெண்டாவது வகை.

நீ வேண்டாம்னு சொன்னேங்கிறதை நம்புறேன். சந்தேகமே இல்லை. டம்ளருக்குள்ள சொன்னேன்னு படிச்சதும் சிரிச்சுட்டேன். எட்டு மாசத்துல உன்னை நினைச்சு முதல் தடவையா சிரிச்சேன்.

ஆனா நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நான் இங்க வர ஆசைப்பட்டேன்.

ஆமா. நல்லாப் படி. மே மாசமே கீழ் வீட்டு நர்ஸும் நானும் ஒரு டாக்ஸி எடுத்துக்கிட்டு வந்து இந்த இடத்தைப் பார்த்துட்டுப் போனோம். கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிற அறைதான் வேணும்னு என் பேரையும் எழுதி வச்சுட்டு வந்தேன். யாருக்கும் சொல்லல. அந்த அறுபத்திரண்டு படியும் ஒவ்வொண்ணா என்னைத் திட்டுற மாதிரி இருந்துச்சுடா. பால் வாங்க இறங்கினா திரும்ப ஏறவே மனசு வராது. அன்னைக்கு நீங்க நாலு பேரும் வர்றீங்கன்னதும், டீயைக் கொடுத்துட்டு நடுவுல நின்னு, “நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன்”னு சொல்லலாம்னு இருந்தேன். உங்க மூஞ்சி எப்படி ஆகும்னு பார்க்க ஆசை. தட்டைத் தூக்கிட்டு வர்றேன், “அம்மா, உனக்காக ஒரு முடிவு பண்ணியிருக்கோம்”னு என் மகள் ஆரம்பிக்கிறா. என் வாக்கியத்தையே எடுத்து என் மேலயே போட்டுட்டா.

“சரி”ன்னேன். எல்லாரும் “அம்மா எவ்வளவு புரிஞ்சு நடந்துக்கிறாங்க”ன்னு பாராட்டினீங்க. நீயும் தலையை ஆட்டினே. எனக்குக் கோபம் இங்க அனுப்பினதுக்கு இல்லை. நானா வர இருந்த இடத்துக்கு என்னைக் கொண்டு வந்து விட்டீங்களே, அதுக்கு.

இப்போ உன் ‘வேண்டாம்’. யாரைக் கேட்டு வேண்டாம்னே? எனக்கு எது நல்லதுன்னு அவங்க ஒண்ணு நினைச்சாங்க, நீ வேற ஒண்ணு நினைச்சே. சமையலறை எத்தனை அடி தூரம்? எழுந்து வந்து, “அக்கா, உனக்கு என்ன வேணும்?”னு யாராவது கேட்டீங்களா? நீ சத்தமா வேண்டாம்னு சொல்லியிருந்தா, நான் உள்ளேயிருந்து அதைவிடச் சத்தமா “வேணும்டா!”ன்னு கத்தியிருப்பேன். நல்ல சண்டை நடந்திருக்கும். பீரோ யாருக்குன்னு நான் சொல்லியிருப்பேன். அந்தச் சண்டையை எனக்கு இல்லாமப் பண்ணிட்டியே.

படிவத்தைப் பத்தி நான் சொல்ல மாட்டேன். “போடு”ன்னா போட்டுட்டு அக்கா சொன்னான்னு எழுதுவே. அது உன் கூட்டம், உன் மேஜை, உன் சட்டை.

அக்கா

பி.கு: செடித் தொட்டிகள் பற்றிப் பின்னர் முடிவெடுக்கப்படும்னு எழுதினியே, அதை நான் அன்னைக்கே முடிவெடுத்து நர்ஸுக்குக் கொடுத்துட்டேன்.

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. அதற்குப் பதில் எழுத இன்னும் எனக்குத் தகுதி வரவில்லை. இது வேறு விஷயம்.

இன்று காலை அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நானாக ஒருவருக்குப் போன் செய்து கருத்துச் சொல்வது எனக்குப் புதிது என்பதால் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன்.

“கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. என் குரலைக் கூட்டக்கூடாது. எவ்வளவு சொன்னேனோ அவ்வளவே இருக்கட்டும்.”

“சார், ஒருத்தருக்கும் கேக்காதே!”

“அன்றைக்கும் ஒருத்தருக்கும் கேட்கவில்லை, அம்மா.”

பிறகு, “அப்போ கீழே எழுத்துல போடலாமா?” என்றார். எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஆனால் அதே காட்சியில் என் குறிப்பேட்டுப் பக்கமும் முழுசாகத் தெரிய வேண்டும், ‘அனைவரும்’ என்ற வார்த்தை மறையக்கூடாது என்றேன். “அது ஒண்ணு இல்ல சார், ரெண்டு நிபந்தனை” என்றார். எண்ணிக்கையில் தவறியது எனக்கு வெட்கமாக இருந்தது.

படிவத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன். பெட்டிக்குள் போட்டபின், விழுந்ததா என்று துவாரத்தில் எட்டிப் பார்த்தேன்.

மே ஒன்பதாம் தேதி, ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்குத் தொலைக்காட்சியில் போடுகிறார்களாம்.

தம்பி

*

மே 10

டேய் தம்பி,

பார்த்தோம். கீழே பொது அறையில பெரிய டிவி. முப்பது பேருக்கு மேல. முன் வரிசை எனக்கு. “தம்பி நடிச்ச படம்”னு மூணு வாரமா சொல்லி வச்சிருந்தேனே.

நீ நாற்காலியைப் பின்னால இழுத்ததும் டீச்சர் என் தொடையில கிள்ளினா. “உங்க தம்பிதான், சந்தேகமே இல்லை.”

அப்புறம் அந்த இடம் வந்துச்சு. உங்க பெரியவர் “சம்மதம்தானே?”ங்கிறார். உன் வாய் அசையுது. சத்தம் இல்லை. இங்க பாதிப் பேருக்குக் காது மந்தம், மீதிப் பேருக்குக் கண் மங்கல். கீழே என்ன எழுத்து ஓடுதுன்னு படிக்க முடியல. உடனே நாலா பக்கமும் “கேக்கல, கேக்கல!”ன்னு சத்தம். வங்கி மேலாளர் ரிமோட்டை எடுத்து, பெட்டியில பதிவாகிட்டு இருந்த படத்தைப் பின்னாடி ஓட்டினார். சத்தத்தைக் கூட்டினார். மறுபடி போட்டார். கேக்கல. மறுபடி பின்னாடி. நான் என் கருவியைக் காதுக்குள்ள நல்லாத் தள்ளிக்கிட்டேன். மூணாவது தடவை கேட்டுச்சுடா. கொசு பாடுற மாதிரி. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

யாரும் கை தட்டல. சண்டை வந்துடுச்சு! “அனுப்பாம என்ன செய்யிறது, கும்பிட்டுட்டு நிக்கிறதா?”ன்னு ஒருத்தர். “உம்ம பிள்ளை அந்தச் சதுக்கத்துல இருந்தா?”ன்னு டீச்சர். சாப்பாட்டு மணி அடிச்சும் யாரும் எழுந்திருக்கல. இந்த இடத்துக்கு வந்து இப்படி ஒரு சாயங்காலம் பார்த்ததில்லை.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, உன்னை வீரனா காட்டாம, நீ எப்படியோ அப்படியே விட்டியே, அதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும். கொஞ்சம்தான். ரொம்பப் பெருமைப்பட்டுக்காதே.

என் கடிதத்துக்குப் பதில் இன்னும் வரல. கேக்கல, திரும்பச் சொல்லு.

அக்கா

*

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று விஷயங்கள். இரண்டு நடந்தவை, ஒன்று திருத்தம்.

படம் வந்த அன்று ஆறு மணிக்கு முதல் போன். காவல்துறைத் தலைவர். “யோவ், நானும் வேண்டாம்னுதான்யா நினைச்சேன். பெரியவர் மூஞ்சியைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.” ஏழு மணிக்கு வானொலி இயக்குநர். “நான் ஜோக் அடிச்சேனே, அதுதான் என் வேண்டாம். யாருமே சிரிக்கலேன்னதும் விட்டுட்டேன்.” நீதிபதி மறுநாள் ஒரு படம் அனுப்பினார். அன்று மேஜையில் அவர் முன்னால் இருந்த வெள்ளைத் தாள். ஓரத்தில் பென்சிலால் ‘கூடாது’ என்று எழுதி, சுற்றிக் கோலம் மாதிரி ஏதோ வரைந்திருந்தார். அவர் என் பக்கத்து நாற்காலி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை பெரியவரே கூப்பிட்டார். நான் எழுந்து நின்று பேசினேன். நிற்கிறேன் என்பதை இவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “எனக்கும் மனசு இல்லைப்பா. நீங்க எல்லாரும் பேசாம இருந்தீங்க. சரி, எல்லாருக்கும் சம்மதம் போலிருக்கு, நாம எதுக்குத் தடையா இருக்கணும்னு விட்டுட்டேன்” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மனமில்லை. நான் ‘அனைவரும் ஒப்புக்கொண்டனர்’ என்று எழுதிய கூட்டத்தில் பெரும்பான்மை ஒப்புக்கொள்ளவே இல்லை. ‘அனுப்புங்க’ என்று வாய்விட்டுச் சொன்ன அந்த ஜெனரல் இன்னும் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிட்டு இதையே சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது. ஜூன் முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். வரலாமா என்று உன்னைக் கேட்காமல் பஸ் டிக்கெட் எடுக்கப் போனேன். வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது. எடுக்காமல் திரும்பிவிட்டேன். அக்கா, வரலாமா? சீட்டாட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்குமானால் சனிக்கிழமை வருகிறோம். எது உனக்குச் சௌகரியம் என்று நீயே சொல். சத்தமாகவே சொல்.

மூன்றாவது. தவறான கூட்டக் குறிப்பைக் கிழித்துப் போடக்கூடாது. திருத்தம் எழுதி அதோடு இணைக்க வேண்டும். அதுதான் முறை. ஜூலைக் கூட்டத்தின் திருத்தத்தை எழுதி, உன் மகளுக்கும் மருமகனுக்கும் மகனுக்கும் நகல் அனுப்பிவிட்டேன். உன் மகள் போன் செய்து, “மாமா, அம்மா மே மாசமே போய்ப் பார்த்துட்டு வந்தாங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!” என்று அழுதாள். பிறகு சிரித்தாள். உன்னிடம் பேச வேண்டுமாம், போனை எடு.

திருத்தம் இதுதான்:

‘வருகை: நால்வர் என்றிருப்பதை ஐவர் என்று படிக்கவும். ஐந்தாமவர் சமையலறையில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அவர் கருத்து: வேண்டும், கிழக்கு ஜன்னல் உள்ள அறை. குறிப்பெடுத்தவரும் கூட்டத்தில் இருந்தார். அவர் கருத்து: வேண்டாம். அனைவரும் ஒப்புக்கொண்டனர் என்ற வரி நீக்கப்படுகிறது.’

இதை எழுதி முடித்து, மார்ச் பதினேழாம் தேதி உனக்கு எழுதிய கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். என் கருத்து சரி, நான் உன் பக்கம் இருந்தேன், குரல் மட்டும்தான் தவறு என்று எழுதியிருக்கிறேன். இரண்டு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் இருந்தது இந்த வரியால்தான். நான் உன் பக்கம் இருக்கவில்லை, அக்கா. உன் பக்கம் எது என்றே எனக்குத் தெரியாது. சமையலறை பன்னிரண்டு அடி தூரம். நான் எழுந்து வரவில்லை. குரல் சரியாக இருந்திருந்தாலும் நான் சொன்னது தவறு.

தம்பி